தப்பு டிஸ்க்குலதான்

தம்பி, உங்க மடியில இருக்கிறது லேப்டாப்தானே? கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்டப்பகூட அதை மூடாம ஒத்தக் கையால சில்லறை எடுத்துக் குடுத்தீங்களே, அப்பவே நினைச்சேன், விஷயம் தெரிஞ்ச ஆள்தான்னு. ஒரு யோசனை கேக்கணும். தூக்கம் வந்தா சொல்லிடுங்க, நான் பாட்டுக்கு அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்.

ஒரு பழைய கம்ப்யூட்டர். ஃபோர் எய்ட்டி சிக்ஸ்னு சொல்வாங்க. நீங்க அப்பப் பொறந்திருக்கவே மாட்டீங்க. அதுல ஹார்டு டிஸ்க் போயிடுச்சு. அதுக்கு பதிலா இப்ப என்ன போடறது நல்லது? கேமராவுல போடுற மெமரி கார்டைப் போடலாமா, இல்ல அந்தக் காலத்து டிஸ்க்கையே தேடிப் புடிச்சுப் போடலாமா? இவ்வளவுதான் கேள்வி.

சிரிக்கிறீங்க பாருங்க. எல்லாரும் இப்படித்தான் சிரிக்கிறாங்க. அதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கலாமேன்னுதானே சொல்ல வர்றீங்க? என் சம்சாரமும் அதைத்தான் சொல்றா. மெஷின் பழசுன்னா மாத்தலாம். ஆனா எனக்கு அந்த மெஷின்கிட்ட ஒரு கேள்வி பாக்கி இருக்கு. அதுக்கு அது பதில் சொல்லணும், அப்புறம் எடைக்குப் போட்டாலும் எனக்கு வருத்தமில்ல.

என் பேரு பஞ்சநதம். மன்னார்குடி. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்துல 'பிருந்தா கம்ப்யூட்டர் ஜாதகம்'னு போர்டு இருக்கும், வண்டி திரும்பும்போது பார்த்திருப்பீங்க. பிருந்தாங்கிறது என் பொண்ணு. ஒரே பொண்ணு. ஊர்ல முதல்முதலா ஜாதகத்தைக் கம்ப்யூட்டர்ல போட்டது நான்தான். அப்ப ஜனங்க செருப்பை வெளியில கழட்டிட்டு உள்ள வருவாங்க, தெரியுமா? ஏசி இருக்குன்னு இல்ல, மெஷினுக்கு மரியாதை. பொறந்த தேதி, நேரம், ஊரு, மூணையும் தட்டினா டிஸ்க்கு கரகரன்னு ஓடும். அந்தச் சத்தம் கேட்டதும் பேச்சு நின்னு போயிடும். திரையில கட்டம் கட்டமா விழும்போது ரெண்டு சம்பந்தியும் கையெடுத்துக் கும்பிடுவாங்க. மனுஷ ஜோசியரா இருந்தா முகத்தைப் பார்த்துச் சொல்வாரு, வேண்டியவங்கன்னா கட்டத்தை கொஞ்சம் வளைப்பாரு. மெஷினுக்கு வேண்டியவன் வேண்டாதவன் கிடையாது. அதை நான் எல்லார்கிட்டயும் சொல்வேன். எத்தனையோ கல்யாணத்தை அந்த மெஷின் முடிச்சு வச்சிருக்கு, எத்தனையோ கல்யாணத்தை நிறுத்தியும் இருக்கு. அழுதுகிட்டுப் போன பொண்ணுங்களும் உண்டு. என்ன பண்றது, கணக்குன்னா கணக்குதானே.

அந்த மெஷின்தான் தம்பி என் பொண்ணு விஷயத்துல தப்புப் பண்ணிடுச்சு.

இல்ல, இருங்க, ஒழுங்காச் சொல்றேன். பிருந்தாவுக்கு வரன் வந்துச்சு. பையன் சந்திரமோகன், திருவாரூர்ப் பக்கம், சொந்தமா மோட்டார் பம்பு ஏஜென்சி. ரெண்டு ஜாதகத்தையும் போட்டேன். பத்துக்கு ஒன்பது பொருத்தம். வாழ்நாள்ல நான் ஒன்பது பார்த்தது கொஞ்சம்தான். வசியம் ஒண்ணுதான் இல்ல. வசியம்னா ஒருத்தர் மேல ஒருத்தருக்கு இருக்கிற இழுப்பு. அது இல்லாம எத்தனை குடும்பம் ஜம்முனு நடக்குது, எங்க வீட்லயே நடக்கலியா? பிரிண்ட் எடுத்து சாமி மாடத்துல வச்சுட்டேன்.

பொண்ணு பார்க்க வந்தாங்க. போனதுக்கப்புறம் பிருந்தா என்கிட்ட வந்து, "வேண்டாம்பா"ன்னா. ஏன்னு கேட்டேன். "வாசல்ல படுத்திருந்த நாயை எட்டி உதைச்சாருப்பா. அது ஒண்ணுமே பண்ணல, தூங்கிக்கிட்டு இருந்துச்சு. நான் ஜன்னல்லேர்ந்து பார்த்தேன்"ங்கிறா. எப்படி இருக்கு பாருங்க. நாயை உதைக்கிறதுக்கெல்லாம் ஜாதகத்துல கட்டம் இருக்கா? புது வேட்டி, புதுச் செருப்பு, கால்ல இடிச்சிருக்கும். நான் சொன்னேன், "ஒன்பது பொருத்தம்டா கண்ணு, ஊர்ல எவளுக்குக் கிடைக்கும்?"னு. அவ ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. அவ அப்படித்தான், பேசவே மாட்டா. பேசாம இருந்தா சம்மதம்னுதானே அர்த்தம்? நம்ம வீடுகள்ல பொண்ணுங்க வாயைத் திறந்தா "சரிப்பா"ன்னு சொல்லும்? தலையைக் குனிஞ்சுகிட்டு உள்ள போகும், அதுதான் சரி.

கல்யாணம் நல்லாத்தான் நடந்துச்சு. பந்தியில யாரும் ஒரு குறை சொல்லல.

அப்புறம்... தம்பி, அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் ஏத்தி விடுங்க, காத்து மூஞ்சியில அடிக்குது. ஆங், போதும்.

அப்புறம் ஒரு நா திடீர்னு பையோட வந்து நின்னா. கையில காயம். கேட்டா, கதவு இடிச்சிடுச்சுன்னா. அம்மாகிட்ட மட்டும் நெசத்தைச் சொல்லியிருக்கா. நான் உடனே கடைக்குப் போய் அவ ஜாதகத்தைப் போட்டேன். தசாபுத்தி சரியில்ல, சனிப் பெயர்ச்சி வரைக்கும் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்னு தெளிவா வந்துச்சு. காயிதத்தைக் கொண்டுவந்து காமிச்சேன். "பெயர்ச்சி ஆகட்டும்மா, தங்கமா மாறிடுவான், அதுவரைக்கும் பொறுத்துக்க"ன்னு நானே கொண்டுபோய் விட்டுட்டு வந்தேன். மாப்பிள்ளை காபி குடுத்தாரு, மரியாதையாத்தான் பேசினாரு. இன்னொரு தடவையும் வந்தா. அப்பவும் நான்தான் கொண்டுபோய் விட்டேன். நான் என்ன இஷ்டத்துக்கா விட்டேன்? மெஷின் சொன்னதை நம்பி விட்டேன்.

பெயர்ச்சியும் ஆச்சு. பெயர்ச்சி ஆன பிறகுதான் தம்பி, அடிச்ச அடியில அவளுக்கு இடது காது போயிடுச்சு. செவிப்பறை கிழிஞ்சிடுச்சுன்னாங்க. தஞ்சாவூர்ல காட்டினோம். இனிமே கேக்காதுன்னுட்டாங்க. இப்ப வீட்ல யாராவது அவகிட்டப் பேசணும்னா வலது பக்கமாப் போய் நின்னு பேசணும். பழக்கதோஷத்துல நான் இடது பக்கம் நின்னு கூப்பிட்டுடுவேன். அவ திரும்பவே மாட்டா. கேக்கலியா, கேக்காத மாதிரி இருக்காளான்னு தெரியாது. போய் கேக்கவும் முடியாது.

அவ என்னை ஒரு வார்த்தை சொல்லல. அதுதான் தாங்க முடியல. திட்டினா பரவாயில்ல. "உன்னாலதான்யா என் வாழ்க்கை போச்சு"ன்னு தட்டைத் தூக்கி எறிஞ்சா நான் அழுதுட்டுப் போயிடுவேன். சாப்பாடு போடறா, மாத்திரை எடுத்துக் குடுக்கறா, "அப்பா தண்ணி"ங்கிறா, அவ்வளவுதான். நானும் பேசறதில்ல. என்ன பேசறது? தட்டைப் பார்த்து சாப்பிட்டுட்டு எழுந்து போயிடறேன். அவ குழந்தையா இருக்கும்போது என் கடையில உக்காந்து கீபோர்டுல அவ பேரைத் தட்டிக்கிட்டு, ஓயாம பேசிக்கிட்டு இருப்பா தம்பி.

அவ ஒரேயடியா எங்க வீட்டுக்கு வந்த கொஞ்ச நாள்லயே டிஸ்க்கு நின்னுபோச்சு. கரக் கரக்னு ரெண்டு சத்தம், அப்புறம் ஒண்ணும் இல்ல. மெக்கானிக் வந்து பார்த்துட்டு, "டிஸ்க்குல ஏகப்பட்ட பேட் செக்டார் சார், அங்கங்க கெட்டுப் போயிருக்கு, இது இன்னிக்கு நேத்து வந்ததில்ல, ரொம்ப வருஷமா அரிச்சுக்கிட்டே வந்திருக்கு"ன்னாரு. அந்த ஒரு வார்த்தை போதும் தம்பி. எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வுனு ஏறிடுச்சு. ரொம்ப வருஷமான்னா என்ன அர்த்தம்? கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்த்தப்பவே டிஸ்க்கு கெட்டுப் போயிருந்துச்சுன்னு அர்த்தம். யோசிச்சுப் பார்த்தேன். அன்னிக்கு ரெண்டு ஜாதகத்தையும் போட்டப்ப ஒரு மாதிரி இழுத்து இழுத்துத்தான் சத்தம் வந்துச்சு. ஆமா, வந்துச்சு. நான்தான் சந்தோஷத்துல கவனிக்கல. அப்ப அந்த ஒன்பது? அது ஒன்பதே இல்ல! நாலோ, மூணோ, என்னமோ. அதைத்தான் நான் கண்டுபுடிக்கணும்.

சரி, டிஸ்க்கு மாத்தணும். சென்னை ரிச்சி தெருவுல இலியாஸ் பாய்னு ஒருத்தர் பழைய சாமானெல்லாம் வச்சிருக்காருன்னு சொன்னாங்க. கம்ப்யூட்டர் பெட்டியை ஒரு வேட்டியில சுத்தி மடியில வச்சுக்கிட்டு இதே பஸ்ல போனேன். பாய் நல்ல மனுஷன், டீ வாங்கிக் குடுத்தாரு. முதல்ல இப்ப வர்ற எஸ்எஸ்டியை எடுத்துக் காமிச்சாரு. உள்ளங்கை அகலம்கூட இல்ல. "ஆனா சார், உங்க மெஷினுக்கு இதுல இருக்கிற இடம் எவ்வளவுன்னே எண்ணத் தெரியாது, பொங்கப் பானையில அண்டாச் சோறு வடிக்கிற கதைதான்"னு அவரே எடுத்து உள்ள வச்சுட்டாரு. அப்புறம்தான் இந்தக் கார்டு. சின்னதா ஒரு பலகை, அதுல கேமரா கார்டைச் சொருகிட்டா போதும், மெஷின் அதை டிஸ்க்குன்னே நம்பிடுமாம். ஆடாது, தேயாது, சூடாகாது. இல்லன்னா பழைய டிஸ்க்கு. ஆனா அது எப்ப நிக்கும்னு ஆண்டவனுக்குத்தான் தெரியும்னாரு. இன்னொண்ணும் சொன்னாரு, அந்த ப்ரோகிராமை மட்டும் எடுத்துப் புது லேப்டாப்லயே ஓட்டலாம்னு. அதெல்லாம் முடியாதுன்னுட்டேன். தப்பு எந்த மெஷின்ல நடந்துச்சோ அதே மெஷின்லதான் வெளிய வரணும்.

"எதுக்கு சார் இவ்வளவு பாடு?"ன்னு கேட்டாரு. சொன்னேன். டீ கிளாஸைக் கீழ வச்சாரு. அப்புறம், "சார், டிஸ்க்கு கெட்டா ப்ரோகிராம் நின்னு போகும், இல்ல திரையில கண்டதும் வரும். ஒழுங்கா ஓடி, தப்பாக் கூட்டாது சார்"னாரு. வியாபாரி, வாய்க்கு வந்ததைச் சொல்றாரு. ஜாதகத்தைப் பத்தி அவருக்கு என்ன தெரியும்? பழைய டிஸ்க்குல இருந்ததை ஒண்ணு விடாம கார்டுக்கு மாத்திக் குடுத்துட்டாரு. அதுல அவர் கெட்டிக்காரர்தான்.

வீட்டுக்கு வந்து கூடத்துலயே வச்சு மாட்டினேன். பிருந்தாவையும் அவ அம்மாவையும் கூப்பிட்டேன். சுலோச்சனா, என் சம்சாரம், ஈரக் கையைத் துடைச்சுக்கிட்டே வந்து நின்னா. சுவிட்சைப் போட்டேன். சத்தமே இல்ல. திக்குன்னு ஆயிடுச்சு. அப்புறம் பார்த்தா பளிச்சுனு திரை வந்துடுச்சு. ரெண்டு ஜாதகத்தையும் நானே தட்டினேன். தட்டி முடிச்சு மூச்சு விடறதுக்குள்ள பதில் வந்துடுச்சு.

ஒன்பது. அதே ஒன்பது. வசியம் மட்டும் இல்ல.

சுலோச்சனா என்ன கேட்டா தெரியுமா? "இப்ப என்ன, மறுபடியும் கொண்டுபோய் விடப் போறீங்களா?"ன்னா. முப்பத்தஞ்சு வருஷம் குடித்தனம் பண்ணினவ கேக்குற கேள்வியா அது? பிருந்தா அம்மா கையைப் புடிச்சு அழுத்தினா, பேசாதங்கிற மாதிரி. அப்புறம் என் பக்கத்துல வந்து திரையை ஒரு தடவை பார்த்தா. "மெஷின் அன்னிக்கும் நல்லாத்தான்பா இருந்துச்சு"ன்னா. மெதுவாத்தான் சொன்னா. "நான்தான் உங்ககிட்ட வேண்டாம்னு சொன்னேனே." சொல்லிட்டு எனக்குக் காபி போடப் போயிட்டா.

பாருங்க, அவ அப்பாவி. மெஷின் மேல தப்பில்லைன்னு அவளே நம்ப ஆரம்பிச்சுட்டா. மறுநா சாமி கும்பிடும்போதுதான் பொறி தட்டுச்சு. பாய் என்ன பண்ணினாரு? பழைய டிஸ்க்குல இருந்ததை ஒண்ணு விடாம மாத்தினாரு. ஒண்ணு விடாமன்னா, தப்பையும் விடாமன்னுதானே அர்த்தம்? சொத்தை விதையைப் புதுச் சட்டியில போட்டா மட்டும் நல்ல செடி வந்துடுமா? நான் என் மண்டையிலயே அடிச்சுக்கிட்டேன். என்கிட்ட அந்த ப்ரோகிராமோட மூல ஃபிளாப்பி இருக்கு. மதுரையில ஒரு வாத்தியார் எழுதின ப்ரோகிராம், அவர் இப்ப இல்ல. சாமி மாடத்துல வச்சிருந்ததால பூஞ்சை கொஞ்சம்தான் ஏறியிருக்கு. இதோ பையில இருக்கு. இதுலேர்ந்து புதுசா ஏத்தினா சுத்தமா ஏறும். ஆனா எதுல ஏத்தறது? கார்டுல ஏத்துங்கங்கிறாரு பாய். எனக்கு அது மேல நம்பிக்கை வரல. சத்தம் போடாத பொருள் உள்ள என்ன செய்யுதுன்னு எப்படித் தெரியும்? நேத்து பாயே ஃபோன் பண்ணினாரு. ஏதோ ஆபீசைக் காலி பண்ணினதுல அந்தக் காலத்து டிஸ்க்கு ஒண்ணு வந்திருக்கு, நல்லா ஓடுது, இன்னிக்கு வந்தா பார்க்கலாம், இல்லன்னா வேற ஆளுக்குப் போயிடும்னு. கிளம்பிட்டேன்.

இன்னிக்குக் கிளம்பியிருக்கக் கூடாதுதான். எனக்கும் தெரியும். இன்னிக்குத்தான் பிருந்தா கோயம்புத்தூருக்குப் போறா. அங்க ஒரு கண் ஆஸ்பத்திரியில வேலை கிடைச்சிருக்கு, ரிசப்ஷன்ல. ஹாஸ்டல். முதல் நா யாராவது கூட வரணும்னு வார்டன் சொன்னாங்களாம். போன வாரம் அவ என் நாற்காலிகிட்ட வந்து நின்னு, "அப்பா, நீங்க வந்து கொண்டுவிடறீங்களா?"ன்னு கேட்டா. அவ வீட்டுக்கு வந்ததுக்கப்புறம் என்கிட்டக் கேட்டது அது ஒண்ணுதான். எனக்குப் போகணும்னு இல்லியா? ஆனா தம்பி, தஞ்சாவூர்லேர்ந்து கோயம்புத்தூர் வரைக்கும் எதிரெதிர் சீட்ல உக்காந்து எப்படிப் போவேன்? ஏற்கெனவே ரெண்டு தடவை கொண்டுபோய் விட்டவன் நான். கையில ஒரு பதிலோட போனாத்தானே மரியாதை? நேத்து பாய் ஃபோன் வந்ததும், "ரெண்டு நா தள்ளிப் போடும்மா, டிஸ்க்கு வந்துடட்டும்"னேன். சேர வேண்டிய தேதி குடுத்துட்டாங்க, தள்ள முடியாதுன்னா. சரி, அம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டு வான்னுட்டேன். காலையில நான் கிளம்பும்போது இட்லி கட்டிக் குடுத்தா. இந்தப் பொட்டலம்தான். இன்னும் பிரிக்கல.

இருங்க தம்பி, ஃபோன் அடிக்குது. அவதான்.

ஹலோ... ஆங், சொல்லும்மா. இல்ல, விழுப்புரம் வரப் போவுது. ஸ்டேஷனுக்கு வந்தாச்சா? அம்மா எங்க? தண்ணி புடிக்கப் போயிருக்காளா, சரி... சாப்பிடறேன், சாப்பிடறேன்... ஆமாம்மா, பாய்கிட்டதான் போறேன்... என்னது?... தெரிஞ்சா என்ன பண்ணுவேனா? என்னம்மா இப்படிக் கேக்குற... தெரிஞ்சா... ம்... இல்லம்மா, இருக்கேன். கேக்குது... ம்... பக்கத்துல ஆள் இருக்காங்கம்மா. பஸ்ல என்னத்தை... சரிம்மா. சரி. பத்திரமாப் போ. வச்சுடறேன்.

ஒண்ணுமில்ல தம்பி. கண்ணுல தூசி, இந்த ஜன்னல்.

என்ன கேட்டான்னா, "தப்பு டிஸ்க்குலதான்னு தெரிஞ்சுட்டா என்னப்பா பண்ணுவீங்க?"ன்னு. நான் என்ன சொல்ல வந்தேன்னா, தெரிஞ்சுட்டா உன்கிட்டப் பழையபடி பேசுவேன்மான்னு. அது வாயில வர்றதுக்குள்ள அவளே சொல்லிட்டா. "என்கிட்டப் பேசத்தானேப்பா இவ்வளவும்? ரயில் வர இன்னும் நேரம் இருக்கு. நான் இங்க பெஞ்சுலதான் உக்காந்திருக்கேன். நல்ல காதுலதான் ஃபோனை வச்சிருக்கேன். இப்பவே பேசுங்கப்பா, நான் கேக்குறேன்"ங்கிறா.

அவளுக்கு விஷயம் புரியல. டிஸ்க்கு இன்னும் என் கைக்கே வரல. கையில ஒண்ணும் இல்லாம நான் என்னன்னு தம்பி பேசுவேன்?